கடல் அட்டைத் தடை: தொடர்வதா, நீக்குவதா, திருத்துவதா?

சென்ற மாசி மாதம் ஒரு விடியற்காலையில் தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் நின்றுகொண்டிருந்தேன். நாட்டுப்படகு ஒன்றின் வலையை நான்கு பேர் உதறிக்கொண்டிருந்தார்கள். நண்டும் சிறுமீனும் தனித்தனியாகக் கூடைக்குப் போன பிறகு, வலையின் மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு வெள்ளை அட்டை, கடல் வெள்ளரி என்றும் சொல்லப்படும் கடல் அட்டைகளில் ஓர் இனம், மிஞ்சிக் கிடந்தது. முதுகு சாம்பல் கலந்த கறுப்பு, வயிறு வெள்ளை. தொட்டபோது குழைவாக இருந்த உடல், விரல் பட்ட சில நொடிகளிலேயே கட்டைபோல் இறுகிவிட்டது. தோலில் பொடிமணலைத் தேய்த்தாற்போல ஒரு சொரசொரப்பு. படகுக்காரர் அதை என் கையிலிருந்து அவசரமாக வாங்கி, முழங்கால் அளவுத் தண்ணீரில் வீசினார். “நானா போய்ப் பிடிச்சேன், அண்ணாச்சி? வல இழுக்கையில இதுவா வந்து ஏறுது. எவனாவது பாத்து ஒரு போன் போட்டா படகு போயிரும்” என்றார். எண்ணெய் படிந்த அந்தக் கரைத் தண்ணீரில் அது பிழைத்திருக்க வழியில்லை.

சட்டம் அந்த உயிரைக் காக்கத்தான் எழுதப்பட்டது. ஆனால் அன்று அந்தக் கரையில் அச்சத்தைத் தவிர வேறெதையும் அது உண்டாக்கவில்லை. கடல் அட்டைத் தடையை நீக்க வேண்டும் என்று மீனவர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன; நீக்கினால் இருப்பதும் அழியும் என்று இயற்கை ஆர்வலர்கள் மறுக்கிறார்கள். பழைய திருநெல்வேலிச் சீமையின் கடற்கரையான வேம்பார், தருவைகுளம், தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு ஊர்களில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் “வேண்டும், வேண்டாம்” என்ற இரண்டு குரல்கள் மட்டுமே கேட்கின்றன. உண்மையில் நம் முன் நான்கு வழிகளாவது இருக்கின்றன. அவற்றில் எதை நம் ஊர்கள் அரசிடம் கேட்க வேண்டும் என்பதை இங்கே எடைபோட முயல்கிறேன்.

முதலில் சட்டத்தின் நிலை. 1982இல் மத்திய அரசு, பதப்படுத்தி உலர்த்திய அட்டை 7.5 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று விதித்தது. 2001இல் எல்லாக் கடல் அட்டை இனங்களும் ஒட்டுமொத்தமாக, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், புலியும் யானையும் இருந்த அதே பட்டியலில் சேர்க்கப்பட்டன. அன்றிலிருந்து பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். பயன்படுத்திய படகும் பறிமுதலுக்கு உரியது. கையில் இருப்பது தெரிந்துவிட்டால், அது சட்டவிரோதமாக வந்ததல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு 57ஆம் பிரிவின்படி வைத்திருப்பவர் தலையில்தான் விழுகிறது. படகுக்காரரின் கை ஏன் அப்படி நடுங்கியது என்பதற்கு இந்தப் பிரிவே விளக்கம்.

அதே 2001ஆம் ஆண்டில் நடந்த இன்னொன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஜூலை மாதம் எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் மத்திய அரசு அட்டவணையில் சேர்த்தது. நாடு முழுவதும் மீனவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் அந்தப் பட்டியல் 10 இனங்களாகச் சுருக்கப்பட்டது. இனம் பிரித்துப் பார்க்கும் அந்த நியாயம் அட்டைக்குக் கிடைக்கவில்லை. அட்டை பிடித்தவர்களில் பெரும்பாலோர் மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் சேர்ந்த சங்குகுளிகளும் (கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர்கள்) சிறு வலைக்காரர்களுமே. அவர்களுடைய குரல் டெல்லி வரை எட்டவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அட்டையை ஏன் காக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கடலடி மணலையும் சேற்றையும் விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருளை உணவாக எடுத்துக்கொண்டு, மீதியைச் சுத்தமான மணலாக வெளியே தள்ளுவதே அதன் அன்றாட வேலை. உழவனுக்கு மண்புழு எப்படியோ, கடற்புல் தரைக்கு அட்டை அப்படி. ஆனால் அதன் இனப்பெருக்க முறை அதைப் பலவீனமாக்கியிருக்கிறது. ஆணும் பெண்ணும் தனித்தனி. இரண்டும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விட, கருத்தரிப்பு வெளியே நடக்கிறது. அருகருகே போதிய அட்டைகள் இல்லாவிட்டால் விந்து முட்டையைச் சேராது. ஆகவே ஒரு பாரில் (கடலடித் திட்டில்) பத்தில் ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தால், அந்த ஒன்று பிழைத்திருந்தாலும் அதன் சந்ததி வராமல் போகலாம். ஓடவும் கடிக்கவும் தெரியாத, கையால் பொறுக்கக்கூடிய, ஆழம் குறைந்த இடத்தில் வாழும் ஒரு விலங்குக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் கடலில் மூழ்கிக் குளிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பகுதியின் விலைமிக்க வெள்ளை அட்டையை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் அருகிவரும் இனமாக வகைப்படுத்தியிருக்கிறது.

இனி வழிகளுக்கு வருவோம். முதல் வழி, இப்போதைய முழுத் தடையை அப்படியே தொடர்வது. இதன் பெரிய பலம் எளிமை. கடலோரக் காவலருக்கோ சுங்கத்துறைக்கோ வனத்துறைக்கோ வெள்ளை அட்டைக்கும் ராஜ அட்டைக்கும் நூல் அட்டைக்கும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. உலர்ந்து சுருங்கிய சரக்கில் அந்த வேறுபாட்டைக் காண்பது பழகிய வியாபாரிக்கே சிரமம். அட்டை எதுவானாலும் குற்றம் என்பது களத்தில் நின்று சோதிப்பவருக்குப் பெரிய வசதி. ஆனால் கால் நூற்றாண்டுக்கு நெருங்கிய தடைக்குப் பிறகும், தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் அட்டை மூட்டைகள் பிடிபடாத ஆண்டு இல்லை. இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கவும் வளர்க்கவும் இடமுண்டு. எனவே இங்கே பிடித்த சரக்கு இரவோடு இரவாக அங்கே போய், அங்கத்திய சரக்காகக் கலந்துவிடுகிறது. தடை, வியாபாரத்தை நிறுத்துவதற்குப் பதில் அதன் லாபத்தைக் குளிப்பவரிடமிருந்து பிடுங்கிக் கடத்துபவரிடம் கொடுத்துவிட்டது. திரேஸ்புரத்தில் நான் பார்த்ததுபோல், தவறி வலையில் ஏறும் அட்டைக்கு என்ன செய்வது என்பதற்கும் தடையில் பதில் இல்லை.

இரண்டாவது வழி, அட்டவணையிலிருந்து அட்டையை அடியோடு எடுத்துவிடுவது. 61ஆம் பிரிவின்படி அட்டவணையைத் திருத்தும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு; ஆகவே சட்டப்படி இது இயலாததல்ல. மேடையில் கைதட்டு வாங்கக்கூடிய கோரிக்கையும் இதுதான். ஆனால் இதைக் கேட்பவர்கள் தங்கள் தொழிலுக்கே குழி தோண்டுகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொல்வேன். தடை நீங்கிய மறுநாளே முதலில் இறங்கப்போவது மூச்சடக்கிக் குளிப்பவர் அல்லர். காற்றுக்குழாய் கட்டி மணிக்கணக்கில் அடியில் நிற்பவர்களும், தள்ளுமடி என்னும் வலையை இழுப்பவர்களும்தான். தள்ளுமடி கடற்புல்லைச் சேர்த்து வாரிக்கொண்டு வரும். அட்டைக் குஞ்சு இறங்கி ஒட்டிக்கொள்வது அந்தப் புல்லின் இலையில்தான். இந்த வழியைப் பற்றி இதற்குமேல் பேசத் தேவையில்லை.

மூன்றாவது வழிதான் கூடுதல் கவனத்துக்கு உரியது: இனம், அளவு, காலம், இடம் ஆகியவற்றை வரையறுத்து, உரிமத்தின் பேரில் குறைந்த அளவு பிடிக்க அனுமதிப்பது. சொல்லக் கேட்க நியாயமாக இருக்கும் இதை, உலகில் செய்துபார்த்தவர்களின் அனுபவம் எச்சரிக்கையாகவே முடிகிறது. எக்குவடோர் நாட்டுக்குரிய கலாபகசுத் தீவுகளில் 1994இல் சோதனை முறையில் அட்டைப் பிடிப்பைத் திறந்தார்கள். அனுமதித்த எண்ணிக்கை பன்மடங்கு மீறப்பட்டதால் குறித்த காலத்துக்கு முன்பே மூட வேண்டியதாயிற்று. பப்புவா நியூ கினி 2009இல் முழுத் தடை விதித்து, 2017இல் மாகாணவாரியாக ஒதுக்கீடு வைத்துத் திறந்தது. பல மாகாணங்களில் ஒதுக்கீட்டைத் தாண்டியே பிடித்தார்கள். இரண்டு இடங்களிலும் விதி காகிதத்தில் இருந்தது. எடை போடும் தராசு கரைக்கு வந்து சேர்வதற்குள் அட்டை கொதிக்கும் பானைக்குள் போய்விட்டது.

நம்முடைய 1982ஆம் ஆண்டு விதியின் குறையும் இதே இடத்தில்தான். அது உயிருள்ள அட்டையை அளக்கவில்லை. உலர்ந்த சரக்கை அளந்தது. பிடித்த அட்டையின் குடலை எடுத்து, வேகவைத்து, ஒரு நாள் மணலில் புதைத்து, தோண்டியெடுத்து மேலுள்ள சுண்ணத் தோலைத் தேய்த்துக் கழுவி, மறுபடி வேகவைத்து, வெயிலில் காயவைத்தால், உயிருடன் இருந்த எடையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது; நீளமும் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். வெள்ளை அட்டையோ ஏறக்குறைய 20 செ.மீ. வளர்ந்த பிறகே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. ஆக, துறைமுகத்தில் அளவு தேறிய சரக்கிலேயே ஒருமுறைகூட முட்டையிடாத அட்டைகள் இருந்திருக்கக் கூடும். அளவு குறைவு என்று அதிகாரி தள்ளிவைத்த சரக்கையும் கடலில் திரும்ப விட முடியாது. அது செத்துக் காய்ந்து பல நாள் ஆகியிருக்கும்.

அளவு வைத்துப் பிடிப்பது இந்தக் கரைக்குப் புதிதா என்றால், இல்லை. சங்கு குளித்தவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்: வளையத்துக்குள் நுழைந்துவிடும் சிறு சங்கை உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும் என்ற வழக்கத்தைச் சொல்வார்கள். முத்துக்குளிப்பில் இந்த ஒழுங்கு இன்னும் கடுமையாக இருந்தது. அரசின் அதிகாரிகள் குளிப்பவர்களை அழைத்துக்கொண்டு பார் பாராகப் போய், சிப்பியை எடுத்து எண்ணி, வயதை மதிப்பிட்டு, சில சிப்பிகளைத் திறந்து முத்தின் தரத்தையும் பார்த்த பிறகே அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். சிப்பி தேறவில்லை என்றால் குளிப்பு இல்லை; ஆண்டுக்கணக்கில் குளிப்பே நடக்காத காலங்கள் உண்டு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதன் பிறகு சிப்பி தேறவில்லை; குளிப்பும் திறக்கப்படவில்லை. அந்த முடிவை யாரும் மீனவர் விரோதம் என்று சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தது தங்கள் கண்முன், தங்கள் கையால் நடந்தது என்பதே அதற்குக் காரணம்.

அட்டைக்கு இல்லாதது இந்த எண்ணிக்கைதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அறிஞர்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கி ஆய்வு செய்திருக்கிறார்கள், கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. ஆனால் ஆண்டுதோறும் பார் பாராகக் கணக்கெடுத்து, இந்தப் பாரில் இந்த இனம் இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் வைத்து, அதன்மேல் முடிவெடுக்கும் வழக்கம் முத்துக்குளிப்போடு போய்விட்டது. அந்த வழக்கம் இல்லாமல் மூன்றாவது வழியைத் திறப்பது, இரண்டாவது வழியை வேறு பெயரில் திறப்பதாகவே முடியும். அது இருந்துவிட்டாலோ, மூன்றாவது வழியைப்போல் நம் கரைக்குப் பொருந்துவது வேறில்லை. இன்றைக்கு இதை நான் ஆதரிக்காததற்கும், என்றைக்கும் வேண்டாம் என்று சொல்லாததற்கும் காரணம் இதுவே.

நான்காவது வழி, குஞ்சு பொரிப்பகத்தில் அட்டையை உண்டாக்கிக் கடலில் விடுவது அல்லது அடைப்புக்குள் வளர்ப்பது. இதில் நம் ஊருக்கு உலக அளவில் ஒரு முதலிடம் இருக்கிறது. நம்மவர்களிலேயே பலர் இதை அறியார். வெள்ளை அட்டையைச் செயற்கை முறையில் முட்டையிட வைத்துக் குஞ்சு உண்டாக்கியது உலகிலேயே முதலில் தூத்துக்குடியில்தான். 1988இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில், டி. பி. ஜேம்ஸ் என்ற அறிஞரின் முயற்சியில் அது நடந்தது. தொட்டித் தண்ணீரின் வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்துவதே தூண்டுதல். அட்டை உடலின் முன்பாதியைத் தூக்கி நின்று அசைந்தபடி விந்தையும் முட்டையையும் வெளிவிடும். பிறகு இரண்டு வாரம் போல நுண்பாசியைத் தின்று மிதந்து, தரையில் இறங்கிக் குஞ்சாகிறது. இங்கே பிறந்த இந்த முறை பிற நாடுகளில் தொழிலாக வளர்ந்தது. இங்கே, பிறந்த 13 ஆண்டுகளில் வந்த தடை அதை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே நிறுத்திவிட்டது.

ஆனால் இந்த வழியைச் சர்வ நிவாரணியாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மடகாசுகரின் தென்மேற்குக் கரையில் வெசோ மீனவக் குடும்பங்கள், ஒரு பொரிப்பக நிறுவனத்திலிருந்து குஞ்சு பெற்று அடைப்பில் வளர்த்து, அந்த நிறுவனத்துக்கே விற்கின்றன. அங்கே கடல் வெகுதூரம் வற்றும். அட்டை மணலுக்குள்ளிருந்து மேலே வரும் இரவு நேரத்தில், வற்றிய தரையில் நடந்துபோய் விளக்கு வெளிச்சத்தில் எண்ணிப் பொறுக்கலாம். நம் மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. இங்கே அடைப்பைப் பார்க்கவும் பழுது நீக்கவும் குளிக்கத்தான் வேண்டும். அங்கேயே திருட்டு பெருந்தொல்லையாகி, அடைப்பருகே காவல் பரண் கட்டி முறைவைத்து விழித்திருக்கிறார்கள். மேலும், வளர்த்த அட்டைக்கும் கடலில் பிடித்த அட்டைக்கும் உலர்ந்த பின் வேற்றுமை இல்லை. விற்பனைக்காக வளர்க்க அனுமதித்தால், கடத்தல் சரக்குக்கு நல்ல பெயர் வாங்கித்தரும் கதவாக அது மாறிவிடும். ஆகவே வளர்த்து விற்பதற்கு முன் வளர்த்து விடுவது வர வேண்டும். வான்தீவு, காசுவார், காரைச்சல்லித் தீவுகளை அடுத்த கடற்புல் தரைகளில், மீன்பிடிப்புக்கு ஏற்கெனவே தடையுள்ள தேசியப் பூங்கா எல்லைக்குள், குஞ்சுகளை நெருக்கமாக விட்டு, முட்டையிடும் கூட்டம் ஒன்றை உருவாக்கினால், அவற்றின் மிதக்கும் இளம் உயிரிகளை நீரோட்டமே பக்கத்துப் பார்களுக்குக் கொண்டுசேர்க்கும்.

ஒப்பிட்டுப் பார்த்தபின் என் முடிவு இது: இப்போதைக்கு முதல் வழியின் தடை நிற்கட்டும், ஆனால் அதனுள் இரண்டு திருத்தங்களை நம் ஊர்கள் கேட்க வேண்டும்.

ஒன்று, தவறி வலையில் ஏறிய அட்டையை ஏறிய இடத்திலேயே, உயிரோடு, உடனே விட்டுவிடுபவர் மீது வழக்கில்லை என்று எழுத்தில் ஓர் அரசாணை. மகாராட்டிர அரசு 2018 முதல், பாதுகாக்கப்பட்ட கடல் உயிரை விடுவிப்பதற்காக வலையை அறுக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறது. பாக் நீரிணையில் கடற்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு நம் மாநிலத்திலேயே வெகுமதி வழங்கியிருக்கிறார்கள். அட்டைக்குப் பணம்கூட வேண்டாம். பயம் நீங்கினால் போதும். கரையில் எண்ணெய்த் தண்ணீரில் வீசப்படும் அட்டை, பத்துப் பாகம் (ஒரு பாகம் என்பது விரித்த இரு கைகளின் நீளம்) ஆழத்தில் தன் இடத்திலேயே திரும்ப இறங்கும்.

இரண்டு, எண்ணிக்கை. அறிவியல் ஆய்வுக்காகவும் அறிவியல் முறையிலான மேலாண்மைக்காகவும் உரிய அனுமதி பெற்று அட்டவணை உயிரினத்தைக் கையாளச் சட்டத்தின் 12ஆம் பிரிவே இடம் தருகிறது. சட்டத்தைத் திருத்த வேண்டிய தேவையே இல்லை. வனத்துறை அனுமதி கொடுக்க, ஆராய்ச்சி நிலையமும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் முறையை வகுக்க, குளிப்பவர்களுக்கு நாள்கூலி கொடுத்து, வாடைக்காற்று அடங்கித் தண்ணீர் தெளியும் மாசி, பங்குனியில் ஆண்டுதோறும் ஒரே பார்களில் எண்ணலாம். தொடர்ந்து ஐந்து ஆண்டு எண்ணிய பிறகு, எந்த இனம் தேறியிருக்கிறது, எந்தப் பாரில் தேறியிருக்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது வழியைப் பற்றிப் பேசலாம். சுறாவுக்கு 2001இல் கிடைத்த இனவாரிப் பரிசீலனையை அட்டைக்கும் கேட்க அப்போது நம்மிடம் ஆதாரம் இருக்கும்.

இதில் தள்ளிப்போட முடியாத ஒன்று உண்டு. எந்தப் பாரில் வெள்ளை அட்டை கிடந்தது, எங்கே ராஜ அட்டை, எந்தப் புல்தரையில் கால் வைத்தால் நூல் அட்டை விரலில் பசைநூலைச் சுற்றியது என்பதெல்லாம் தடைக்கு முன் குளித்தவர்களுக்குத்தான் தெரியும். 2001இல் 30 வயதில் குளித்தவர் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் பலர் இன்று இல்லை. முதல் ஆண்டுக் கணக்கெடுப்புப் படகில் வழிகாட்ட அவர்களே அமர வேண்டும். அரசுக்கு எழுதும் மனுவில் இந்த வரி முதலில் வரட்டும்.